எஃகுப் பீப்பாய்ப் புகையூட்டி

எஃகுப் பீப்பாய்ப் புகையூட்டி என்பது, ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளளவுடைய எஃகுப் பீப்பாயைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளப்படும் ஒரு சமையற் கருவி ஆகும். பீப்பாயின் அடியில் மரக்கரி மெதுவாக எரிய, மேற்பகுதியில் உள்ள கம்பித்தட்டின் மீது வைக்கப்படும் இறைச்சி, மிதமான வெப்பத்திலும் மரப்புகையிலும் பல மணி நேரம் வேகிறது. ஐக்கிய அமெரிக்காவின் பார்பிக்யூ சமையல் மரபைச் சார்ந்த இக்கருவி, அங்கு "அக்ளி டிரம் ஸ்மோக்கர்" என்றும், சுருக்கமாக "யு.டி.எஸ்." என்றும் அழைக்கப்படுகின்றது.

இக்கருவியில் மின்சாரமோ எரிவளியோ பயன்படுவதில்லை. நகரும் உறுப்பு என்று சொல்லத்தக்கது காற்றுக் குழாயின் வால்வு ஒன்றே. பீப்பாய்க்குள் எவ்வளவு காற்று நுழைகின்றது என்பதே தீயின் அளவை முடிவு செய்கின்றது. ஆகவே காற்றுப் புகாத உடலும், அளவறிந்து இடப்பட்ட சில துளைகளும் அமைந்துவிட்டால் கருவி செயற்படும். கட்டுவது எளிது என்றாலும், தகாத பீப்பாயைத் தெரிவு செய்வதால் நச்சுப் பாதிப்பும், மூடிய பீப்பாயை வெட்டுவதால் வெடிவிபத்தும் நேரக்கூடும்.

பெயர்

"அக்ளி" என்ற ஆங்கிலச் சொல் அழகற்றது எனப் பொருள்படும். வண்ணம் கருகி, கரி படிந்து, கடையிற் கிடைத்த குழாய்த் துண்டுகள் துருத்திக்கொண்டிருக்கும் தோற்றத்தை வைத்து, செய்தவர்களே இட்ட நகைச்சுவைப் பெயர் இது. தமிழில் இத்தகைய கொள்கலன் பேச்சு வழக்கில் டிரம் என்றே வழங்கப்படுகிறது. இக்கட்டுரையில் பீப்பாய் என்ற சொல் எஃகு டிரம்மையே குறிக்கின்றது.

வரலாறு

பார்பிக்யூ என்ற சொல், கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்து எசுப்பானியத்துக்குச் சென்ற "பார்பக்கோவா" என்ற சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அது கம்புகளால் ஆன ஓர் உயர்ந்த தட்டியைக் குறித்தது. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில், நிலத்தில் தோண்டிய குழிகளில் தீ மூட்டி, அதன் மேல் இறைச்சியை மணிக்கணக்கில் வாட்டும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பின்னர் குழிகளின் இடத்தைச் செங்கல் அடுப்புகளும் எஃகு அடுப்புகளும் பிடித்தன.

இன்று உலகெங்கும் காணப்படும் எஃகுப் பீப்பாயின் வரலாறு, புகழ்பெற்ற பெண் இதழாளர் நெல்லி பிளை என்பவருடன் தொடர்புடையது. 72 நாட்களில் உலகைச் சுற்றிவந்து 1890ஆம் ஆண்டு பயணத்தை முடித்த இவர், பிற்காலத்தில் தம் கணவருக்குரிய, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த அயர்ன் கிளாட் உற்பத்தி நிறுவனத்தை நடத்தினார். அங்குப் பணிபுரிந்த என்றி வேர்கான் என்பவர் எஃகுப் பீப்பாய்க்கான காப்புரிமைகளை 1905ஆம் ஆண்டு பெற்றார். அவற்றின் உரிமை நெல்லி பிளைக்கு அளிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எரிபொருளைக் கொண்டுசெல்ல இத்தகைய பீப்பாய்கள் பெருமளவில் பயன்பட்டன. அவ்வாறு குவிந்த காலிப் பீப்பாய்களிலிருந்தே டிரினிடாட் தீவின் "ஸ்டீல்பான்" என்னும் இசைக்கருவியும் வளர்ச்சி பெற்றது.

வீட்டு அடுப்புகளின் வரலாற்றில் 1952ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. சிக்காகோவில் வெபர் சகோதரர் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கவிடும் உலோக மிதவையின் வடிவைப் பின்பற்றி, மூடியுடன் கூடிய உருண்டை வடிவக் கரி அடுப்பை உருவாக்கினார். இவ்வகை அடுப்பின் பரவலான அளவு 22.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் விட்டம் உடையது. 55 அமெரிக்கக் கேலன் பீப்பாயின் உள்விட்டமும் ஏறத்தாழ இதுவே. இந்தப் பொருத்தத்தால், கடைகளில் மாற்றுப் பொருளாக விற்கப்படும் உருண்டை அடுப்பின் கம்பித்தட்டு பீப்பாய்க்குள் அப்படியே அமர்கின்றது. பீப்பாய்ப் புகையூட்டியைப் பலரும் எளிதிற் செய்ய முடிந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

செங்குத்தான பீப்பாயில் கரிக்கூடையும் காற்றுக் குழாய்களும் பொருத்தும் இன்றைய அமைப்பு 2000களில் அமெரிக்காவில் பரவியது. இதற்கு ஆகும் செலவு, பட்டறைகளில் பற்றவைத்துச் செய்யப்படும் அடுப்புகளின் விலையில் சிறு பகுதியே. பார்பிக்யூ போட்டிகளில் பங்கேற்றோரும் இதனைப் பயன்படுத்தினர். பின்னர் சில நிறுவனங்கள் இதே அமைப்பை ஆயத்த நிலையில் செய்து விற்கத் தொடங்கின.

செயற்படும் முறை

தீயும் காற்றும்

1 கிலோகிராம் கார்பன் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 11.5 கிலோகிராம் காற்று தேவை. அறை வெப்பநிலையில் இதன் பருமன் 9 முதல் 10 கன மீட்டர் வரை ஆகும். அஃதாவது, கூடையில் எவ்வளவு கரி இருந்தாலும், நுழையும் காற்றின் அளவுக்கு மேல் அது எரிய இயலாது. கூடையில் உள்ள கரியின் அளவு தீ எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்பதையும், துளையின் அளவு வெப்பம் எவ்வளவு என்பதையும் முடிவு செய்கின்றன.

காற்றை உள்ளே இழுப்பது புகைபோக்கி விளைவு. 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் (இனி °செ எனக் குறிக்கப்படும்) 1 கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். 120 °செ வெப்பநிலையில் அது 0.9 கிலோகிராமாகக் குறைகிறது. உள்ளிருக்கும் இலேசான காற்று மேல்துளை வழியே வெளியேற, அடித்துளை வழியே குளிர்ந்த காற்று நுழைகின்றது. 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு இந்த வேறுபாடு உண்டாக்கும் அழுத்தம் ஏறத்தாழ 2.4 பாசுகல் மட்டுமே. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் மென்காற்று தரும் அழுத்தமும் இதே அளவுதான். ஆகவே அடித்துளையை நோக்கிக் காற்று வீசினால் தீ வளர்ந்துவிடும். மூடியில் சிறு இடைவெளி இருந்தாலும் கட்டுப்பாடு கெடும். தேர்ந்தவர்கள் பீப்பாயைக் காற்று மறைவான இடத்தில் வைப்பதும், மூடி சரியாக அமர்கிறதா எனச் சோதிப்பதும் இதனாலேயே.

முக்கால் அங்குலக் குழாய் எனப்படுவதன் உள்விட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். அதன் வழியே நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று சென்றால், மணிக்கு 2.5 கன மீட்டர் காற்றே நுழையும். இது மணிக்குக் கால் கிலோகிராம் கரிக்குப் போதுமானது. உராய்வைக் கணக்கிட்டால் உண்மையான அளவு இதனினும் குறைவு. இத்தகைய குழாய்கள் மூன்று அல்லது நான்கு போதும் என்பது பட்டறிவால் கண்டறியப்பட்ட அளவு. மேற்கண்ட கணக்கும் அதனுடன் ஒத்துப்போகின்றது.

புகை

மரம் செல்லுலோசு, அரைச்செல்லுலோசு, லிக்னின் ஆகியவற்றால் ஆனது. லிக்னின் வெப்பத்தால் சிதையும்போது குவாயக்கால், சிரிங்கால் முதலிய சேர்மங்கள் உண்டாகின்றன. புகையூட்டிய உணவின் தனித்த மணத்துக்கு இவை பெரிதும் காரணம். தொடக்கத்தில் வரும் அடர்ந்த வெண்புகை கசப்பையும் காரலையும் தரும். தீ நிலைபெற்ற பின் வரும், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிய நீலப்புகையே விரும்பப்படுகிறது.

இப்புகையூட்டியில் இறைச்சியிலிருந்து உருகும் கொழுப்பு நேரடியாகக் கரியின் மீது சொட்டி ஆவியாகி, மீண்டும் இறைச்சியின் மீது படிகிறது. தீப்பெட்டி தனியாகப் பக்கவாட்டில் அமைந்த அடுப்புகளில் இச்சுவை கிடைப்பதில்லை. எனினும், இவ்வாறு சொட்டும் கொழுப்பு எரிவதால் பல்வளைய அரோமாட்டிக் ஐதரோகார்பன்கள் என்னும் தீங்குடைய சேர்மங்களும் உண்டாகின்றன.

இறைச்சியில் நிகழும் மாற்றம்

மாட்டின் நெஞ்சிறைச்சி, பன்றியின் தோள் இறைச்சி போன்ற, அதிகம் உழைக்கும் தசைகளில் கொலாஜன் என்னும் இணைப்பிழையப் புரதம் மிகுதி. விரைவாகச் சமைத்தால் இவை தோல்போல் கடினமாக இருக்கும். ஏறத்தாழ 70 °செ வெப்பநிலைக்கு மேல் நெடுநேரம் வைத்திருக்கும்போது கொலாஜன் ஜெலட்டினாக மாறி, இறைச்சி மென்மையாகின்றது. இதனாலேயே அடுப்பின் வெப்பம் 107 முதல் 135 °செ வரை வைக்கப்பட்டு, இறைச்சியின் உள்வெப்பம் 90 முதல் 96 °செ வரை உயரும் வரை காத்திருக்கப்படுகின்றது.

இடையில் உள்வெப்பம் 65 முதல் 75 °செ அளவில் மணிக்கணக்கில் உயராமல் நின்றுவிடுவது உண்டு. புதியவர்கள் தீ தணிந்துவிட்டதாக எண்ணிக் காற்றுத் துளைகளைத் திறந்து, இறைச்சியைக் கருக்கிவிடுவது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான். உண்மையில், இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவதால் ஏற்படும் குளிர்ச்சியே இதற்குக் காரணம். மண்பானை நீர் குளிர்வதற்கும் அடிப்படை இதுவே. மேற்பரப்பு உலர்ந்ததும் வெப்பம் மீண்டும் உயரத் தொடங்கும்.

பீப்பாயைத் தெரிவு செய்தல்

மூடி கழலும் பீப்பாய், மேற்றட்டு நிலையாக மடித்து மூடப்பட்ட பீப்பாய் என எஃகுப் பீப்பாய்கள் இரு வகைப்படும். முதல் வகையில் மூடி ஓர் இறுக்கு வளையத்தால் பிடிக்கப்பட்டிருக்கும். அதனை வெட்ட வேண்டிய தேவையில்லை. எனவே புகையூட்டி செய்ய இதுவே ஏற்றது.

பழைய கொள்பொருள்

பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்பதை அதன் மீதுள்ள ஒட்டுச்சீட்டு, அதனை விற்பவர் ஆகியோர் வழியாக உறுதிசெய்துகொள்ள வேண்டும். பூச்சிக்கொல்லி, கரைப்பான், அமிலம், பசை, வண்ணப்பூச்சு போன்றவை இருந்த பீப்பாய்கள் எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு உகந்தவை அல்ல. எது இருந்தது எனத் தெரியாத பீப்பாயும் அவ்வாறே கருதப்பட வேண்டும். பழக்கூழ், தக்காளிக் கூழ், சமையல் எண்ணெய், தேன் போன்ற உணவுப் பொருட்கள் இருந்த பீப்பாய்கள் அல்லது உட்பூச்சில்லாத புதிய பீப்பாய்கள் பரிந்துரைக்கப்படுகின்றன.

உட்பூச்சு

உணவுப் பொருள் இருந்த பீப்பாய் தன்னளவில் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறானது. அத்தகைய பீப்பாய்களின் உள்ளே எப்பாக்சி அல்லது பீனாலிக் பிசின் பூச்சு பெரும்பாலும் இருக்கும். பழுப்பு, செம்பழுப்பு அல்லது பொன்னிறமாகக் காணப்படும் இப்பூச்சு, பொருளைச் சேமித்து வைப்பதற்கு உரியதேயன்றித் தீயின் அருகில் இருப்பதற்கு உரியதன்று. சூடேறினால் அது சிதைந்து, புகையுடன் உணவில் படியும். ஆகவே அடியில் துளைகளை இட்ட பின், திறந்த வெளியில் பல மணி நேரம் விறகுத் தீ மூட்டி இதனை முழுமையாக எரிக்க வேண்டும். பின்னர் கம்பித் தூரிகையாலோ மணல் வீச்சு முறையாலோ வெற்று உலோகம் தெரியும் வரை சுரண்ட வேண்டும். எரிக்கும்போது எழும் புகை தீங்கானது. குடியிருப்புகளின் அருகே இதனைச் செய்தல் கூடாது. பல ஊர்களில் திறந்தவெளி எரிப்புக்குத் தடையும் உண்டு. பூச்சில்லாத புதிய பீப்பாயை வாங்கினால் இவ்வேலை முழுவதும் மிச்சமாகும். அதிலுள்ள துருத்தடுப்பு எண்ணெயை மட்டும் ஒரு முறை எரித்துப் போக்கினால் போதும்.

துத்தநாகம் பூசிய பீப்பாய்களும் தவிர்க்கப்பட வேண்டியவை. துத்தநாகம் 419 °செ வெப்பநிலையில் உருகுகின்றது. எரியும் கரியைத் தொடும் இடங்களில் இவ்வெப்பநிலை எளிதில் எட்டப்படும்.

வெட்டும்போது நேரும் வெடிவிபத்து

நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாயே பெரும்பாலும் ஆபத்தானது. நிறைந்த பீப்பாயில் ஆவிக்கும் காற்றுக்கும் இடம் குறைவு. காலிப் பீப்பாயின் மடிப்புகளில் தங்கிய சில துளிகள் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றுடன் கலந்து, வெடிக்கத்தக்க கலவையாக மாறிவிடுகின்றன. அதன் மீது பற்றவைப்பு இயந்திரமோ, வெட்டுச் சக்கரமோ, தீச்சுடரோ பட்டால், மேற்றட்டு பெரும் விசையுடன் தூக்கியெறியப்படும். இவ்வகை விபத்துகளில் பட்டறைத் தொழிலாளர்கள் இறந்துள்ளனர். பயன்படுத்திய பீப்பாய்களை எரியத்தக்க பொருள் எதுவும் எஞ்சாதவாறு தூய்மை செய்யாமல் அவற்றில் பற்றவைப்பதையும் வெட்டுவதையும் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. பிரித்தானியாவின் உடல்நலம் மற்றும் பாதுகாப்பு ஆணையமும் இதுபற்றிய தனி எச்சரிக்கைக் கையேட்டை வெளியிட்டுள்ளது.

நீரால் ஒரு முறை அலசுவது போதுமான தூய்மையன்று. மணம் இல்லை என்பதும் ஆவி இல்லை என்பதற்குச் சான்றாகாது. மூடி கழலும் பீப்பாயைத் தெரிவு செய்தால், வெட்ட வேண்டிய தேவையே எழாது. துளையிடும்போதும் மூடியைக் கழற்றித் திறந்து வைத்தே செய்தல் வேண்டும்.

உறுப்புகள்

பின்வரும் அளவுகள் 55 அமெரிக்கக் கேலன் பீப்பாய்க்கு உரியவை. இதன் கொள்ளளவு ஏறத்தாழ 208 லிட்டர், உள்விட்டம் 57 சென்டிமீட்டர், உயரம் 88 சென்டிமீட்டர், தகட்டின் தடிமன் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்.

1. கரிக்கூடை: சாய்சதுரக் கண்களுடைய எஃகு வலைத்தகட்டை வளைத்துச் செய்யப்படும் கூடை. விட்டம் 45 சென்டிமீட்டர், உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். சாம்பல் விழவும் அடியிலிருந்து காற்று வரவும், கூடை தரையிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டர் உயர்ந்திருக்குமாறு கால்கள் பொருத்தப்படும்.
2. சாம்பல் தட்டு: கூடையின் கீழ் வைக்கப்படும் எஃகுத் தட்டு.
3. காற்றுக் குழாய்கள்: பூச்சில்லாத கருப்பு இரும்பாலான முக்கால் அங்குலக் குழாய்த் துண்டுகள் நான்கு. ஒன்றில் பால் வால்வு, ஏனையவற்றில் திருகு மூடிகள்.
4. கம்பித்தட்டு: 54 முதல் 55 சென்டிமீட்டர் விட்டமுடைய, உணவுக்கு உகந்த தட்டு.
5. தாங்கு திருகாணிகள்: கம்பித்தட்டைத் தாங்க, துருப்பிடிக்காத எஃகாலான, 5 சென்டிமீட்டர் நீளமுடைய திருகாணிகள் நான்கும் அவற்றுக்குரிய மரைகளும்.
6. வெப்பமானி: 50 முதல் 250 °செ வரை காட்டத்தக்கது. இறைச்சியின் உள்வெப்பத்தை அறிய ஊசி வெப்பமானி தனியே தேவை.
7. கைப்பிடி: மூடிக்கு ஒன்று, தூக்குவதற்கு இரண்டு. மரத்தாலோ கம்பிச்சுருளாலோ ஆனவை சூடேறுவது குறைவு.

பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பித்தட்டுகளை அடுப்பில் பயன்படுத்துதல் கூடாது. அவற்றுட் சில காட்மியம் என்னும் நச்சு உலோகம் பூசப்பட்டவை.

கட்டும் முறை

பீப்பாய் தூய்மையான வெற்று உலோகமாக இருக்கும் நிலையில் வேலை தொடங்கப்படுகிறது. மூடியின் விளிம்பில் உள்ள ரப்பர் அல்லது பஞ்சுப் பட்டையை முற்றிலும் அகற்ற வேண்டும்.

முதலில், அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில், சுற்றளவை நான்காகப் பகுத்து நான்கு இடங்கள் குறிக்கப்படும். குறித்த இடத்தில் சிறு துளையிட்டு, படி வடிவத் துளையலகால் அதனை 27 முதல் 28 மில்லிமீட்டர் வரை பெரிதாக்குவர். குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 26.7 மில்லிமீட்டர் ஆதலால், அது சற்றுத் தளர்வாக நுழையும். உள்ளும் புறமும் இறுக்கு மரை இட்டு அதனை அசையாமல் நிறுத்தலாம். பற்றவைப்புத் தேவையில்லை. துளைகளின் கூர்விளிம்புகளை அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

அடுத்து, மேல் விளிம்பிலிருந்து 17 சென்டிமீட்டர் கீழே, ஒரே மட்டத்தில் நான்கு தாங்கு திருகாணிகள் பொருத்தப்படுகின்றன. இவ்வாறு அமைத்தால் கூடையின் அடிப்பகுதிக்கும் கம்பித்தட்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். இந்த இடைவெளி முக்கியமானது. பக்கவாட்டுத் தீப்பெட்டி கொண்ட அடுப்பில், உணவு தீயிலிருந்து கிடைமட்டமாக விலகியுள்ளது. இங்கு உணவு தீக்கு நேர்மேலே இருப்பதால், உயரம் ஒன்றே அதனைக் கருகாமல் காக்கின்றது.

வெப்பமானி கம்பித்தட்டின் மட்டத்தில் பொருத்தப்படும். தட்டின் நடுப்பகுதியின் வெப்பம், சுவரருகே காட்டப்படும் வெப்பத்திலிருந்து வேறுபடும். முதல் சில தடவை தட்டின் நடுவில் இன்னொரு வெப்பமானியை வைத்து அந்த வேறுபாட்டை அறிந்துகொள்ளலாம்.

பல மூடிகளில் 5 சென்டிமீட்டர் விட்டமுடைய அடைப்புத்துளை ஒன்று முன்பே இருக்கும். அதன் அடைப்பை நீக்கினால் அதுவே புகை வெளியேறும் வழியாகும். அது இல்லாத மூடியில் 12.7 மில்லிமீட்டர் விட்டமுடைய எட்டுத் துளைகள் இடப்படுகின்றன. எட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,010 சதுர மில்லிமீட்டர். மூன்று காற்றுக் குழாய்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,030 சதுர மில்லிமீட்டர். நான்கு குழாய்களையும் நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தால் பதினொரு துளைகள் வேண்டும். வெளியேறும் வழி நுழையும் வழியைவிடக் குறுகினால் புகை உள்ளே தேங்கி, உணவு கசக்கும்.

வெப்பம் தாங்கும் வண்ணப்பூச்சை வெளிப்புறத்துக்கு மட்டுமே பூச வேண்டும். உட்புறத்துக்குச் சமையல் எண்ணெய் தடவி, 150 °செ அளவில் சில மணி நேரம் வெறும் தீ எரித்தால், எண்ணெய் இறுகிக் கருமையான படலமாகும். புதிய இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது போன்றதே இது. இப்படலம் துருப்பிடிப்பதைத் தடுக்கும். இறுக்கு வளையத்தைச் சமைக்கும்போது பூட்டக் கூடாது. மூடி தன் எடையால் மட்டுமே அமர்ந்திருக்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை

கூடையில் தீ மூட்டாத கரியை நிரப்பி, இடையிடையே இக்கரி, ஓக், ஆப்பிள், செர்ரி, பிக்கான் போன்ற மரங்களின் கைப்பிடியளவு துண்டுகள் சில வைக்கப்படும். பிசின் மிகுந்த பைன் மரமும், வண்ணம் பூசிய அல்லது வேதிப்பொருள் ஏற்றிய மரமும் பயன்படுத்தத் தகாதவை. எரிபொருளாக மரக்கரித் துண்டுகளோ, அச்சில் அழுத்திச் செய்த கரிக்கட்டிகளோ பயன்படுகின்றன. இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகும் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் கரிக்கட்டிகளாக மேலை நாடுகளில் விற்கப்படுகின்றது.

பின்னர் பதினைந்து கரிக்கட்டிகளை மட்டும் தனியாக ஒரு தகரக் குவளையில் பற்றவைத்து, கூடையின் மேல் கொட்டுவர். தீ மேலிருந்து கீழ்நோக்கி மெல்லப் பரவும். பார்பிக்யூ போட்டியாளர் ஜிம் மினியன் என்பவரின் பெயரால் இது மினியன் முறை எனப்படுகின்றது. 7 கிலோகிராம் கரிக்கட்டியுடன் இவ்வாறு 12 மணி நேரம் வரை கரி சேர்க்காமல் சமைக்க இயலும்.

தொடக்கத்தில் எல்லாத் துளைகளும் திறந்திருக்கும். வேண்டிய வெப்பத்துக்கு 20 °செ குறைவாக இருக்கும்போதே ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்க வேண்டும். தணிந்த தீயை உயர்த்துவது எளிது. மிகுந்த தீயைத் தணிப்பது கடினம். பெரும்பாலான நேரம் ஒரு குழாய் முழுமையாகவும் வால்வு பாதியளவும் திறந்திருந்தால் போதும். மாற்றம் செய்தபின் 15 நிமிடமாவது பொறுத்த பின்னரே அடுத்த மாற்றம் செய்தல் நலம்.

மூடியை அடிக்கடி திறப்பது பெரும் தவறு. திறந்தவுடன் வெப்பம் வெளியேறுவதோடு, ஏராளமான காற்று உட்புகுந்து அடங்கியிருந்த கரி முழுவதையும் தூண்டிவிடும். மூடிய பின் வெப்பம் முன்பிருந்ததை விடவும் உயர்வதற்கு இதுவே காரணம்.

118 °செ அளவில் முழுக்கோழிக்கு 2 முதல் 3 மணி நேரமும், பன்றி விலாவுக்கு 4 முதல் 5 மணி நேரமும், 5 கிலோகிராம் எடையுள்ள நெஞ்சிறைச்சிக்கு 8 முதல் 12 மணி நேரமும் ஆகலாம். இவை தோராயமான அளவுகளே. உள்வெப்பமே முடிவான அளவுகோல்.

சமையல் முடிந்ததும் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டால் தீ சில மணி நேரத்தில் அணைந்துவிடும். எஞ்சிய கரியை அடுத்த முறை பயன்படுத்தலாம்.

பாதுகாப்பு

மெதுவாக எரியும் கரி, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளியை வெளியிடுகின்றது. ஆகவே புகையூட்டியை வீட்டினுள்ளோ, வண்டிக் கொட்டகையிலோ, கூடாரத்திலோ பயன்படுத்துதல் கூடாது. தீ அணைந்துவிட்டதாகத் தோன்றும் பீப்பாயைக் குளிருக்காகவோ மழைக்காகவோ உள்ளே எடுத்து வைப்பதும் உயிருக்கு ஆபத்தானது. சாம்பலுக்குள் கனல் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம் என்பதால், அதனை மூடியுள்ள உலோகக் கலத்தில், கட்டடத்துக்கு வெளியே ஆறவிட வேண்டும்.

பீப்பாயின் வெளிச்சுவர் தொட்டால் சுடும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அணுகாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மரத் தளத்தின் மீது வைப்பதாயின் அடியில் கல் பாவுதல் அவசியம்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் பரிந்துரைப்படி, கோழி முதலிய பறவை இறைச்சியின் உள்வெப்பம் குறைந்தது 74 °செ ஆகவும், அரைத்த மாட்டிறைச்சியின் உள்வெப்பம் 71 °செ ஆகவும் இருக்க வேண்டும். 4 முதல் 60 °செ வரையுள்ள வெப்பநிலையில் நுண்ணுயிரிகள் விரைந்து பெருகும். இப்புகையூட்டல் உணவைக் கெடாமல் காக்கும் பதப்படுத்தல் முறை அன்று. சமைத்த இறைச்சி 2 மணி நேரத்துக்குள் உண்ணப்பட வேண்டும் அல்லது குளிரூட்டப்பட வேண்டும்.

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015ஆம் ஆண்டு பதப்படுத்திய இறைச்சியை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதற் பிரிவில் சேர்த்தது. பதப்படுத்தும் முறைகளுள் புகையூட்டலும் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. இவ்வகைப்பாடு சான்றின் உறுதியைக் காட்டுகின்றதேயன்றி, ஆபத்தின் அளவைக் காட்டுவதன்று.

நிறைகளும் குறைகளும்

குறைந்த செலவு, சிக்கனமான எரிபொருள், நெடுநேரம் கவனிக்கத் தேவையில்லாத நிலையான வெப்பம், சிறிய இடம் ஆகியன இக்கருவியின் நிறைகளாகச் சொல்லப்படுகின்றன. கம்பித்தட்டை இரண்டு அடுக்காகவும் அமைக்கலாம். சில அமைப்புகளில் இறைச்சி கொக்கிகளில் செங்குத்தாகத் தொங்கவிடப்படுகின்றது.

மெல்லிய தகடாதலால் மழையிலும் கடுங்குளிரிலும் வெப்பம் விரைவில் இழக்கப்படுவது இதன் குறை. இடையில் கரி சேர்க்க வேண்டுமானால், சூடான தட்டையும் உணவையும் வெளியே எடுக்க வேண்டியுள்ளது. கொழுப்பு சொட்டித் தீப்பற்றுவதும் உண்டு. இதனைத் தவிர்க்க, சிலர் கூடைக்கும் தட்டுக்கும் இடையே ஓர் எஃகுத் தகட்டையோ நீர்த்தட்டையோ வைக்கின்றனர். அவ்வாறு செய்தால் இக்கருவிக்குரிய தனிச்சுவை குறையும் என்பது ஏனையோர் கருத்து. அடிப்பகுதியில் ஈரச் சாம்பல் தங்கினால் துரு அரித்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் சாம்பலை நீக்குதல் வேண்டும்.

பிற நாடுகளில்

யமேக்காவில் பீப்பாயை நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டி, கீல் பொருத்தி, படுக்கை நிலையில் கரி அடுப்பாகப் பயன்படுத்துகின்றனர். சாலையோரங்களில் காணப்படும் இவ்வடுப்பில், காரமான மசாலை தடவிய "ஜெர்க்" கோழி வாட்டப்படுகிறது. இவ்வுணவின் மரபான மணம் பிமென்டோ மரத்தின் புகையால் வருவது. தென்னாப்பிரிக்காவிலும் பாதியாக வெட்டிய பீப்பாய்கள் "பிராய்" எனப்படும் திறந்தவெளிச் சமையலில் பயன்படுகின்றன. இவை பெரும்பாலும் திறந்த தீயில் வாட்டும் அடுப்புகள். மூடிய செங்குத்துப் பீப்பாயில் காற்றைக் கட்டுப்படுத்தி மெதுவாகச் சமைக்கும் புகையூட்டி இவற்றிலிருந்து வேறுபட்டது. ஆனால் பீப்பாயின் பழைய கொள்பொருள், உட்பூச்சு, வெட்டுதல் ஆகியவை பற்றி மேலே கூறப்பட்ட எச்சரிக்கைகள் இவை அனைத்துக்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்கவும்

பார்பிக்யூ
மரக்கரி
புகைபோக்கி விளைவு
கார்பன் மோனாக்சைடு நச்சேற்றம்
ஸ்டீல்பான்